1780 என்று போட்ட வெள்ளிக்காசு

(குடியரசு தினத்தன்று நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொடியேற்றியாகிவிட்டது, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தாகிவிட்டது. அடுத்து நான் பேசப் போகிறேன் என்று செயலாளர் அறிவித்ததும் நான்கைந்து பேர் வண்டிச் சாவியைத் தேடுவது இங்கிருந்தே தெரிகிறது. இருபது நிமிடம்தான். நான் பி.காம். படித்துவிட்டு, முப்பத்தெட்டு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். நேரத்தில் கவுண்டரை மூடத் தெரியும்.

இன்றைக்கு ஒரே ஒரு காசைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தக் காசு இந்தக் கூடத்திலேயே இருக்கிறது.

மாட்டுப் பொங்கல் அன்று, நம்மூர்ப் பார்வேட்டைக்குக் காஞ்சிபுரம் வரதர் வந்திருந்தபோது, நானும் மலையேறிச் சேவித்துவிட்டுத் திரும்பி வந்தேன். லிஃப்ட் வாசலில் சி பிளாக் பாட்டியம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதைப் பேச அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். “சார், நீங்க பேங்க்ல இருந்தவர்தானே? இதைக் கொஞ்சம் பாருங்க” என்று சுருக்குப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே உள்ளங்கை நிறைய ஒரு பெரிய வெள்ளிக்காசு. ஒரு பக்கம் முக்காடு போட்ட ஓர் அம்மாள். மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு. 1780 என்று ஆண்டு.

“இது ஜெர்மன் சில்வராம் சார். நாற்பது லட்சம் போகுமாம்” என்றார்.

பேரன் காசைப் படம் எடுத்து, முகநூலில் பார்த்த ஒரு விளம்பரத்துக்கு அனுப்பியிருக்கிறான். உடனே போன் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் 1,499 ரூபாய் என்றார்கள், கட்டிவிட்டார்கள். அடுத்து, ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம் வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. ஜி.எஸ்.டி.யாக 18,500 ரூபாய் கட்டினால் நாற்பது லட்சமும் கணக்கில் ஏறிவிடும் என்று அதில் எழுதியிருந்தது. பாட்டியம்மா மறுநாள் காலை தன் டெபாசிட்டை உடைக்கப் போவதாக இருந்தார்.

உடைக்க விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காசு.

அவரே முன்வரிசையில் இருக்கிறார். பாட்டி, அந்தக் காசைக் கொடுங்கள். கைக்குக் கை போகட்டும், எல்லோரும் தொட்டுப் பாருங்கள். ஆனால் கடைசியில் பாட்டியிடம் திரும்பி வந்துவிட வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஜெர்மன் சில்வர் வேறு, ஜெர்மன் வெள்ளிக்காசு வேறு. நவராத்திரிக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கிறோமே ஜெர்மன் சில்வர் குங்குமச்சிமிழ், அதில் குண்டுமணி அளவுகூட வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை அது. நிறம் மட்டும்தான் வெள்ளி. பாட்டியின் காசு அப்படி அல்ல. ஆறு பங்கில் ஐந்து பங்கு சுத்த வெள்ளி. எங்கள் கிளையில் நகைக்கடன் அப்ரைசராக இருந்தவர் பழைய காசு வந்தால் முதலில் அதைச் சுண்டிவிட்டுச் சத்தம் கேட்பார். அவரைப் போல நானும் சுண்டிப் பார்த்தேன். நல்ல வெள்ளி மணி மாதிரி இழுத்துச் சத்தம் போடும். இதுவும் போட்டது.

இந்தக் காசுக்குப் பெயர் மரியா தெரேசா தாலர். தாலர் என்ற சொல்லிலிருந்துதான் டாலர் வந்தது. இன்றைய செக் நாட்டில் ஜோகிம்ஸ்தால் என்று ஒரு சுரங்க ஊர். ஜெர்மன் மொழியில் ‘தால்’ என்றால் பள்ளத்தாக்கு. ஐந்நூறு வருடத்துக்கு முன் அங்கே வெட்டிய வெள்ளியில் அடித்த பெரிய காசை ‘ஜோகிம்ஸ்தாலர்’ என்றார்கள். அது சுருங்கித் தாலர் ஆனது. ஊர் ஊராகப் போய் டாலர் ஆனது.

காசில் இருக்கும் அம்மாள் மரியா தெரேசா. 1717ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா ஆறாம் சார்லஸுக்கு ஆண் வாரிசு இல்லை. மகளே பட்டத்துக்கு வருவார் என்று மற்ற அரசர்களிடமெல்லாம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருந்தார். 1740 அக்டோபரில் அவர் இறந்தார். மகளுக்கு வயது 23. டிசம்பரிலேயே பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் படையோடு வந்து சிலேசியா மாகாணத்தைப் பிடித்துக்கொண்டார். எழுதிக் கொடுத்த காகிதங்களுக்கு என்ன மதிப்பு என்பதை அந்தப் பெண் முதல் இரண்டு மாதத்திலேயே தெரிந்துகொண்டார்.

அதன் பிறகு நாற்பது வருடம் ஆண்டார். பதினாறு பிள்ளைகள் பெற்றார்; பிரெஞ்சுப் புரட்சியில் தலையைப் பறிகொடுத்த மேரி ஆன்டோநெட் அவர்களில் ஒருவர். 1774ல் பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டார். 1765ல் கணவர் இறந்ததும் விதவைக் கோலம் பூண்டார். காசில் நீங்கள் பார்க்கும் முக்காடு அதுதான். குறையில்லாதவர் அல்ல. 1744ல் பிராக் நகரத்து யூதர்களைக் குடும்பம் குடும்பமாக வெளியேற்ற உத்தரவு போட்டவரும் அவர்தான். காசின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். லத்தீன் எழுத்துகள் ஓடும். ‘நீதியும் கருணையும்’ என்று பொருள். அந்த இரண்டும் அவர் ஆட்சியில் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. அதுதான் இந்தக் காசு.

1753ல் பவேரியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். ஒரு மார்க் எடை சுத்த வெள்ளிக்குப் பத்து தாலர்தான் அடிக்க வேண்டும் என்பது கணக்கு. மார்க் என்பது ஏறக்குறைய 234 கிராம். ஆக ஒரு தாலரில் 23.39 கிராம் சுத்த வெள்ளி. செம்பும் சேர்ந்த மொத்த எடை 28.07 கிராம்.

மூன்று வருடத்தில் அடுத்த பெரிய போர் வந்தது. 1756 முதல் 1763 வரை, ஏழாண்டுப் போர். போர் என்றால் செலவு. இரண்டு அரசர்களும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

ஃபிரெடெரிக் சாக்சனி நாட்டைப் பிடித்தார். அங்கிருந்த நாணயச்சாலையும் கைக்கு வந்தது. சாக்சனி அரசரின் முகத்தையே போட்டு, போருக்கு முந்தைய ஆண்டையும் போட்டு, உள்ளே வெள்ளியைக் குறைத்துச் செம்பை ஏற்றிக் காசு அடிக்கச் செய்தார். பார்க்கப் பழைய நல்ல காசு மாதிரி இருக்கும். வாங்கியவன் ஏமாந்தான், சம்பளம் வாங்கிய ஏழைதான் முதலில் ஏமாந்தான். மற்ற எத்தனையோ விஷயங்களில் அவரை ‘மகா ஃபிரெடெரிக்’ என்று சரித்திரம் சொல்கிறது. இதில் அவர் செய்தது கலப்படம்.

மரியா தெரேசாவும் கடன் வாங்கினார். 1762ல் வியன்னா நகர வங்கி மூலம் காகிதப் பணமும் வெளியிட்டார். பணமுடை அவருக்கும் இருந்தது. ஆனால் தாலரின் வெள்ளியில் கை வைக்கவில்லை.

1780 நவம்பர் 29ஆம் தேதி அவர் இறந்தார். நியாயப்படி மகன் இரண்டாம் ஜோசப்பின் முகம் போட்ட காசுதான் இனி வர வேண்டும். உள்நாட்டில் வந்தது. ஆனால் துருக்கி ஆட்சிப் பகுதிகளிலும் அரேபியாவிலும் இருந்த வியாபாரிகள் அதை வாங்க மறுத்தார்கள். ஏமன் நாட்டில் காப்பிக்கொட்டை விற்றவனுக்கும், எத்தியோப்பியாவில் உப்பும் மாடும் விற்றவனுக்கும் அந்த முக்காடு போட்ட அம்மாள்தான் வேண்டும். அவர் யார், எந்த ஊர் ராணி என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மார்பில் இருக்கும் பதக்கத்து முத்துகளை எண்ணிப் பார்ப்பார்கள், விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள், திருப்தியானால் வாங்கிக்கொள்வார்கள். அந்த அடையாளம் இருந்தால் எடை சரியாக இருக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

அதனால் வியன்னாக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். அதே முகம், அதே எடை, அதே 1780 என்ற ஆண்டைப் போட்டு அடித்துக்கொண்டே போனார்கள். ராணி இறந்து நூறு வருடம், நூற்றைம்பது வருடம் ஆன பிறகும் காசில் 1780தான்.

முகத்துக்குக் கீழே சின்னதாக ‘எஸ்.எஃப்.’ என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். இந்தக் காசு முதலில் அடிக்கப்பட்டது குன்ஸ்பர்க் என்ற ஊரில். அன்று மரியா தெரேசாவின் ஆட்சியில் இருந்தது. இன்று ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் இருக்கிறது. அந்த நாணயச்சாலையின் இரண்டு அதிகாரிகள் ஷோபில், ஃபாபி ஆகியோரின் முதல் எழுத்துகள் அவை. எடைக்கும் தரத்துக்கும் நான் பொறுப்பு என்று போட்ட கையெழுத்து. ஒவ்வொரு வவுச்சரிலும் இனிஷியல் போட்டே பேனா தேய்ந்தவன் நான். இரண்டு உத்தியோகஸ்தர்களின் இனிஷியல் இருநூறு வருடத்துக்கு மேல் உலகம் சுற்றியிருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

1935ல் எத்தியோப்பியா மீது படையெடுக்கக் கிளம்பிய முசோலினிக்கு இந்தக் காசு தேவைப்பட்டது. அந்த நாட்டில் வேறு எதைக் கொடுத்தாலும் சாமான் கிடைக்காது. ஆஸ்திரியாவிடமிருந்து அச்சுகளை வாங்கி ரோமில் அடித்தார். பிரிட்டிஷ்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1936 முதல் லண்டனிலும் அடித்தார்கள். பிறகு உலகப் போர். 1940லும் 1941லும் இதே காசை, ராணியின் முகத்தோடு, 1780 என்ற ஆண்டோடு, நம் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தார்கள். ஒரு கோடிக்கு மேல்!

அந்த வருடங்களில்தான் நம் சிப்பாய்கள் ஆப்பிரிக்காவில் இத்தாலியர்களோடு சண்டை போட்டார்கள். எரித்திரியாவில் கெரென் என்ற மலையூரில் 1941 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கடும் போர் நடந்தது. இந்தியாவின் 4ஆம், 5ஆம் டிவிஷன்கள் அங்கே இருந்தன. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரும் போனார்கள். பாட்டியம்மாவின் மாமனார் அந்தச் சாப்பர்ஸில் இருந்தவர். காசு வீட்டுக்கு வந்த வழி அதுதான்.

ஆக, 1780 என்று போட்ட இந்த ஜெர்மன் காசு, பம்பாயில் அடிக்கப்பட்டு, கப்பலேறி ஆப்பிரிக்கா போய், ஒரு சிப்பாயின் பையில் திரும்பி நம் பாலாற்றங்கரைக்கு வந்ததாகவும் இருக்கலாம். ஆண்டை மட்டும் பார்த்து வயதைச் சொல்ல முடியாத காசு இது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லாமல் போனால் நான் குமாஸ்தாவே அல்ல.

1835 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய்க் காசு ஒரு தோலா எடை. 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது 10.69 கிராம் சுத்த வெள்ளி. அந்தக் கணக்கில் பாட்டியின் காசில் இருக்கும் வெள்ளி இரண்டு ரூபாய் மூன்று அணாவுக்குச் சமம். 1940ல் என்ன செய்தார்கள்? போரில் வெள்ளி பற்றாக்குறை என்று ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். எடை அதே, அரசர் முகம் அதே பக்கம், எழுத்தும் ‘ஒரு ரூபாய்’தான். உள்ளே இருந்த வெள்ளி 5.83 கிராம். பழைய விக்டோரியா ரூபாய்களை 1941 மார்ச்சோடு செல்லாது என்றார்கள். 1947ல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது.

யோசித்துப் பாருங்கள். அதே அரசாங்கம், அதே வருடம். அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கொடுக்க வேண்டிய காசில் வெள்ளியை ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்க முடியவில்லை. குறைத்தால் அங்கே எவனும் வாங்க மாட்டான். நம் ஜனங்களின் காசில் பாதியை எடுத்துவிட்டார்கள். நமக்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. எடை போட்டுப் பார்த்து மறுக்கக்கூடியவனுக்கு நல்ல காசு கிடைத்தது. கேள்வி கேட்க முடியாதவனுக்குப் பாதிக் காசு கிடைத்தது. இதைக் குடியரசு தினத்தன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சோதித்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. நம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலம். 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலை என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அது. அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று சொல்லும்போது பொன் வாரியம் என்றும் ஒன்று வருகிறது. பொன்னைக் கவனிக்க ஊரே சீட்டு எடுத்து ஆள் நியமித்திருக்கிறது. இன்னொரு விதியும் உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. நம் பொருளாளர் சிரிக்கிறார். அவர் ஒவ்வொரு காலாண்டும் இந்தச் செய்திமடலில் கணக்கு வெளியிடுகிறார், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல், நாணயம். ‘நாணயமானவர்’ என்கிறோம். மற்ற மொழிக்காரர்களிடம் இதை விளக்கப் பல வாக்கியம் வேண்டும். நமக்கு ஒரு சொல் போதும்.

இப்போது அந்த நாற்பது லட்சத்துக்கு வருகிறேன்.

அன்று பாட்டியம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன்: “அம்மா, இது நல்ல காசு. ஆனால் கோடிக்கணக்கில் அடித்த காசு. வெள்ளி விலை, அதற்கு மேல் சேகரிப்பவர் ஆசைப்பட்டுக் கொடுக்கும் கொஞ்சம், அவ்வளவுதான். உங்களிடம் பொருள் வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் கொடுப்பானா, உங்களிடம் பணம் கேட்பானா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அதானே சார்” என்றார்.

ரிசர்வ் வங்கி பழைய காசு, நோட்டு விற்பனையில் தலையிடுவதும் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் இருந்த முத்திரை, ஃபிரெடெரிக் அடித்த காசில் இருந்த சாக்சனி அரசரின் முகம் மாதிரி. முகம் நிஜம்போல இருக்கும், உள்ளே செம்பு. பேரன் அன்றிரவே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிவு செய்தான். போன 1,499 இன்னும் வரவில்லை. 18,500 போகாமல் நின்றது.

பேரனைத் திட்ட வேண்டாம் என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டேன். காரணம் இருக்கிறது. 1985ல், வங்கியில் சேர்ந்து மூன்றாவது வருடம், என் அம்மா வைத்திருந்த பதினொரு விக்டோரியா ரூபாய்களைத் தங்கை கல்யாணத்துக்குக் கொலுசு செய்ய உருக்கக் கொடுத்தவன் நான். “செல்லாத காசுதானே அம்மா” என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசினேன். அம்மா மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அது அவருடைய அம்மா கொடுத்தது என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். உருக்கின வெள்ளிக்கு எடை உண்டு, விலை உண்டு. யார் கொடுத்தது என்பது அதில் இருக்காது.

கடைசியாக, வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்களுக்கு நான்கு வார்த்தை.

ஒன்று, புளி, சாம்பல், பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், சேகரிப்பவரிடம் மதிப்புப் போய்விடும்.

இரண்டு, எடை பாருங்கள். தாலர் என்றால் 28 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். காந்தம் ஒட்டினால் அது வெள்ளி அல்ல.

மூன்று, ஆண்டைப் பார்த்து விலை போடாதீர்கள். பழையது எல்லாம் அரியது அல்ல.

நான்கு, விற்பதற்கு முன் பணம் கேட்பவன் யாராக இருந்தாலும், எந்த முத்திரை காட்டினாலும், போனை வைத்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் நூலக அறைக்கு வாருங்கள். என்னிடம் நகை எடைபோடும் சின்னத் தராசும், முப்பத்தெட்டு வருடப் பழக்கமும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. காப்பி நீங்கள் வாங்கிக் கொடுத்தால் மறுக்க மாட்டேன்.

இருபது நிமிடத்துக்கு மூன்று நிமிடம் கூடிவிட்டது. மன்னிக்கவும்.

பாட்டி, காசு உங்கள் கைக்குத் திரும்பி வந்துவிட்டதா? வந்துவிட்டதாம். எழுபது, எண்பது கை மாறிப் போய் வந்திருக்கிறது. இந்தக் குடியிருப்பின் நாணயத்துக்கு அதைவிட வேறு கணக்கு நான் காட்ட வேண்டியதில்லை.